கறுத்துப்போன எண்ணெய்

காலையில் அப்துல் சலாம் ராவுத்தர் வண்டியைக் கிளப்பும்போது அந்தத் தென்னூர்ச் சந்தில் எல்லா வீடுகளிலும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். கோபத்தில் சாத்துவதில்லை. தூறல் விழுந்தால் கொடியில் காய்கிற துணியை எடுப்பது மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. நீலமாய் எழும் புகை எதிர்வீட்டு முருங்கை மரத்தில் கொஞ்சநேரம் தங்கி, பிறகுதான் கலையும். அதற்குள் கார் சந்து முனை திரும்பியிருக்கும்.

கறுப்பு ஆஸ்டின் அது. சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்ட ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடமிருந்து வாங்கியது. தெப்பக்குளத்துப் பக்கம் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரயிலடிக்கு என்று அழைப்பு வரும். வராத நாளில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்குகிற வயது. மெலிந்த தேகம், கத்தரித்த தாடி, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. வண்டிக்காரர்களில் சட்டையில் கறை படாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள்.

அவர் வண்டிக்காரராகப் பிறந்தவர் அல்ல. காந்தி மார்க்கெட்டில் அவர்கள் குடும்பத்துக்கு எண்ணெய் மண்டி இருந்தது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மொத்த வியாபாரம். அத்தா காலமான பிறகு அண்ணன் ஹனீஃபா கல்லாவில் உட்கார்ந்தார். சலாம் சரக்குப் பார்ப்பார். பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் இல்லை. டின்னைத் திறந்து உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, மறு கையால் தேய்த்து, சூடு ஏறியதும் முகர்ந்து பார்ப்பார். நல்லெண்ணெயில் கடலை எண்ணெய் கலந்திருந்தால் அந்தச் சூட்டில் தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் செம்பில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைப்பார். நல்ல எண்ணெயானால் அதிலுள்ள கசடு அடியில் இறங்கி, மேலே கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்கும். அப்படியும் தெளியாததைக் கலப்படம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சலாம் கை சொன்னால் மார்க்கெட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் கையை நம்பின அண்ணன் ஆளை நம்பவில்லை. கல்லாவைத் திறக்க உரிமை இல்லை, கொள்முதலில் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. வீடும் ஒன்றுதான். ஒரே அடுப்படி. அதில் மஜீதாவுக்கு, சலாமின் மனைவிக்கு, என்ன சமைப்பது என்று தீர்மானிக்கிற பாத்தியதை இருபது வருஷமாகியும் வரவில்லை. ஓரகத்தி அளந்து வைப்பாள், இவள் ஆக்கி இறக்குவாள். ஒரு ரமலானுக்குப் பிறகு சலாம் தன் பங்கைக் கேட்டார். கொடுத்தது கொஞ்சம்தான். கொடுக்கும்போது ஹனீஃபா சொன்னது அதிகம்.

“நாலு டயரை நம்பிப் போறே. எண்ணெய் இன்னிக்கு வித்தா நாளைக்கும் விக்கும். டயரு தேயும்டா. தேஞ்சா இங்கதான் வருவே. வா, வேணாங்கல.”

வேண்டாம் என்று சொல்லாததுதான் சலாமுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது, தலையைக் குனிந்து நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அந்த வருஷம் நடந்தது இது. அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்த பெட்ரோல் இன்னும் ஏறியது. கேலன் கணக்குப் போய் லிட்டர் வந்ததிலிருந்தே ஏறுவது சரியாகப் பிடிபடவில்லை என்று வண்டிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். பிடிபட்டாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. வாடகையை ஏற்றினால் ஜனங்கள் டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஏற்றாவிட்டால் ஓட ஓட நஷ்டம். ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் காவிரிப் பாலத்து இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். சலாமும் உருட்டினார். அணைத்த இன்ஜின் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்று ஒவ்வொரு தடவையும் சாவியிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

பெட்ரோலாவது பரவாயில்லை. ஆஸ்டின் எண்ணெயும் குடிக்க ஆரம்பித்திருந்தது. வயதான இன்ஜின், பிஸ்டன் ரிங்கெல்லாம் தேய்ந்து போயிருந்தது. முசிறிக்கு ஒரு நடை போய்வந்தால் அளவுக் கம்பியில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரன் பிச்சமுத்துவுக்கு இதில் நல்ல பொழுதுபோக்கு.

“பாய், நீங்க ராத்திரி ஒரு ரவுண்டு எங்க தெருவுக்கு வாங்க. கொசுவெல்லாம் செத்துப்போகுது. முனிசிபாலிட்டியில எழுதிக் குடுத்தீங்கன்னா சம்பளமே போடுவான்.”

சிரித்து முடித்த பிறகு பிச்சமுத்து யோசனையும் சொன்னான். இளசான எண்ணெய் போட்டால் இன்ஜின் லேசாகச் சுற்றும், பெட்ரோல் கம்மியாகப் பிடிக்கும் என்றான். இன்னொருவர், பழைய வண்டிக்கு இளசு ஆகாது, கெட்டியாகப் போட்டால்தான் புகை அடங்கும் என்றார். கெட்டியாய்ப் போட்டால் பெட்ரோல் தின்னும், இளசாய்ப் போட்டால் எண்ணெய் தின்னும். எதைத் தின்னக் கொடுப்பது என்று தெரியாமல் சலாம் பழையபடி கடையில் பீப்பாயிலிருந்து பிடித்துத் தருகிற லூஸ் ஆயிலையே வாங்கினார். பொன் நிறத்தில் இருக்கும். கையில் தேய்த்தால் வழவழவென்று ஒட்டும். அவர் கைக்கு அது பிடித்திருந்தது. விலையும் குறைச்சல்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மஜீதா சொன்னாள், இப்போதெல்லாம் வண்டி சந்து முனையில் திரும்பும்போதே சத்தம் வேறு மாதிரி கேட்கிறது என்று. எந்த மாதிரி என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை, உள்ளே ஏதோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வண்டி நின்னா என்ன பண்றதுன்னு நீங்க யோசிச்சு வச்சிருக்கீங்களா தெரியாது. நான் யோசிச்சுட்டேன். கஞ்சி குடிச்சாலும் குடிப்பேன். அந்த வீட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போக மட்டும் என்னால ஆகாதுங்க.”

மறுநாள் பாலக்கரைக்கு வண்டியை விட்டார்.

பாலக்கரையில் கிளமென்ட் ஒரு ஷெட் வைத்திருந்தார். பாதிரியார் காலத்திலிருந்தே இந்த ஆஸ்டினைத் தொட்டு வேலை பார்த்தவர் அவர்தான். நல்ல வேலைக்காரர், பேச்சுதான் பஞ்சம். பத்துக் கேள்விக்கு ஒரு பதில் வரும், அதுவும் பாதியில் நின்றுவிடும். அவர் இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்டார், எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டு எடுத்தார். விரலில் கறுப்பாக, வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, லூஸ் ஆயிலை இனிமேல் தொடாதீர்கள் என்றார். அலமாரியிலிருந்து சீல் வைத்த டின் ஒன்றை எடுத்து வந்தார். புது மாதிரி எண்ணெய், இன்ஜினுக்கு நல்லது, விலை கொஞ்சம் கூட என்றார்.

சலாம் வழக்கப்படி உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிடிப்பாகத் தெரியவில்லை. மணமும் பழகாத மணம். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மஜீதா சொன்ன பல் கடிக்கிற சத்தம் ஞாபகம் வந்தது. போடச் சொன்னார். கிளமென்ட் பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினார். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள், பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். என்னத்தைப் பார்ப்பது என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் வண்டி நன்றாகவே ஓடியது. சத்தம் அடங்கின மாதிரிகூட இருந்தது. மூன்றாம் நாள் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் கறுத்திருந்தது. லேசாக இல்லை, மசி மாதிரிக் கறுத்திருந்தது. பீப்பாய் எண்ணெய் போட்டபோது வாரக்கணக்கில் ஓடினாலும் தேன் நிறத்துக்கு மேல் போனதில்லை. அத்தனை விலை கொடுத்து வாங்கியது மூன்றே நாளில் இப்படியென்றால் என்ன அர்த்தம்?

அன்று மத்தியானம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி எண்ணெயில் ஒரு செம்பளவு இறக்கினார். மஜீதாவின் கிழிந்த வெள்ளைத் துப்பட்டியை நாலாக மடித்து வடிகட்டினார். வடிகட்டியதும் கறுப்பாகத்தான் வந்தது. துணியில் பெரிதாக ஒன்றும் தங்கவில்லை. செம்பில் ஊற்றி அசையாமல் வைத்தார். மறுநாள் பார்த்தால் அடியில் கசடு இறங்கவே இல்லை, மேலேயும் தெளியவில்லை. அடி முதல் விளிம்பு வரை ஒரே கறுப்பு.

வடியாது, தெளியாது. அதற்கு அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

அப்படியும் கிளமென்டின் மேல் அந்த வார்த்தையைப் போட மனம் வரவில்லை. தன் கை தவறியிருக்கலாம், பழக்கம் விட்டுப் போயிருக்கலாம். தன் கையைச் சரிபார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊரில் இருந்தார். அவரிடம் போவதற்கு ஒரு நாள் முழுக்க யோசித்தார். கடைசியில் சின்ன சீசாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போனார்.

ஹனீஃபா தம்பியை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். சீசாவைத் திறந்து உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்ஜின் எண்ணெய் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது அவருக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை. எண்ணெய் எண்ணெய்தானே. கலப்படம், சந்தேகமே இல்லை என்றார். பிறகு குரலை இறக்கி, பெட்ரோல் விற்கிற விலையில் இந்தப் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் அழப்போகிறாய், சரக்குப் பார்க்க எனக்கு ஆள் சரியாக அமையவில்லை என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். சலாம் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அங்கிருந்து நேரே பாலக்கரைக்குப் போனார். ஷெட்டில் வேறு இரண்டு வண்டிக்காரர்கள் இருந்தார்கள். சீசாவை வேலைப் பலகையின் மேல் வைத்தார்.

“மூணு தலைமுறையா எங்களுக்கு எண்ணெய் வியாபாரம் கிளமென்ட். சீல் வச்ச டின்னுன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? யாருகிட்ட விக்கிறோம்னு பாத்து வித்திருக்கணும்.”

கிளமென்ட் சீசாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மற்ற இரண்டு பேரும் தன் முகத்தையே பார்ப்பதைக் கவனித்ததும் அவர் காது சிவந்தது.

“பாட்டிலை எடுத்துட்டுப் போங்க பாய். எனக்கு வேலை கெடக்கு.”

அவ்வளவுதான் நடந்தது. சலாம் திரும்பும் வழியில் பீப்பாய்க் கடையில் வண்டியை நிறுத்தி, இருப்பதிலேயே கெட்டியான லூஸ் ஆயிலை வாங்கி, டின் எண்ணெயை முழுக்க இறக்கிவிட்டு அதை நிரப்பிக்கொண்டார். பொன் நிறத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் அவருக்கு அப்போது வேண்டியிருந்தது. மறுநாள் முசிறி நடை. மாதந்தோறும் தவறாமல் வருகிற வாடகை அது ஒன்றுதான். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அழகியமணவாளன் என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்த வாழைக்கொல்லை முசிறியில் ஆற்றோரம் இருந்தது. அந்த அம்மாளுக்கு முழங்கால் மடங்காது, பஸ் படி ஏற முடியாது. அதனால்தான் கார். ஆடி முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஆவணி பிறந்ததும் கொல்லையை விற்பதாக ஏற்பாடு. பத்திர ஆபீசில் அம்மாள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ராகு காலம் வருவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று ஆசிரியர் நாலு தடவை சொல்லியிருந்தார். இந்த வாடகையும் போனால் அதற்கப்புறம் வண்டியை வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்பது சலாமுக்குத் தெரியும். மஜீதாவுக்கும் தெரியும். காலையில் அவர் கிளம்பும்போது அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, சத்தம் மறைகிற வரைக்கும் வாசலில் நின்றாள்.

கொள்ளிடத்துப் பாலம் தாண்டி, டோல்கேட்டில் இடது பக்கம் திரும்பி, ஆற்றங்கரைச் சாலையில் வண்டி நன்றாகத்தான் போனது. பின்சீட்டில் ஆசிரியர் பெட்ரோல் விலையைப் பற்றியும், அதற்குக் காரணமானவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். விலை ஏறினாலும் சலாம் பாய் வாடகையை ஏற்றாதது பெருமாள் க்ருபை என்றார். அம்மாள் காலை நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணசீலம் தாண்டி வெகு தூரம் போனதும் சலாம் அந்த முள்ளைப் பார்த்தார். எண்ணெய் அழுத்தம் காட்டுகிற சின்ன மீட்டர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும். எப்போதும் பாதிக்கு மேல் நிற்கிற முள் பாதிக்குக் கீழே இருந்தது. விரலால் தட்டினார். அது இன்னும் கொஞ்சம் இறங்கியது. எண்ணெய் கம்மியாகிவிட்டதோ என்று ஓரமாக நிறுத்தி அளவுக் கம்பியை உருவினார். எண்ணெய் மேல்கோடு வரை இருந்தது. நிறைய இருக்கிறது, ஆனால் இன்ஜினுக்குள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. மெதுவாக ஓட்டினால் தாங்கும் என்று நினைத்து மறுபடி கிளப்பினார். வேகத்தைக் குறைத்தார். முள்ளும் கூடவே குறைந்தது.

“என்ன பாய், மாட்டு வண்டியெல்லாம் நம்மைத் தாண்டிப் போயிண்டிருக்கு. நாழியாயிடுத்து.”

“எண்ணெய் சரியா ஏறலைங்க சாமி.”

“இன்னும் மூணு மைல்தானே? முசிறியில போய் நிறுத்திப் பாத்துக்கலாமே. அங்க மெக்கானிக் இருப்பான்.”

மூன்று மைல். ஒரு மனசு போய்விடலாம் என்றது. போய்ச் சேர்ந்துவிட்டால் கையெழுத்தாகிவிடும், வாடகை கைக்கு வரும், ஆசிரியர் அடுத்த மாதம் எங்காவது கூப்பிடுவார். வழியில் இன்ஜின் இறுகிவிட்டால் அப்புறம் எதுவுமே இல்லை. அடுத்த வாரமே மண்டி வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். முள் அடிக்கோட்டைத் தொட்டது. மஜீதா சொன்ன அந்தச் சத்தம் இப்போது அவருக்கே கேட்டது. பல்லைக் கடிப்பது மாதிரிதான் இருந்தது.

அவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். வண்டி புளியமரத்தடி வரை தானாக உருண்டு நின்றது.

ஆசிரியருக்கு முதலில் நம்பவே முடியவில்லை. ராகு காலம் எப்போது ஆரம்பிக்கிறது என்று மணியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். வாங்குகிறவன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவான், முன்பணத்தைத் திருப்பிக் கேட்பான் என்றார். கெஞ்சினார், பிறகு கோபித்தார். ஒரு வண்டியை நம்பி வந்ததற்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும் என்றார். சலாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொல்வதற்கு அவரிடம் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“இதுக்கு மேல ஓட்டினா வண்டி செத்துப்போயிடும் சாமி. மன்னிச்சுக்குங்க.”

அம்மாள்தான் வழி பார்த்தாள். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு முசிறிச் சந்தைக்குப் போகிற கட்டை வண்டி ஒன்று வந்தது. அதைக் கைகாட்டி நிறுத்தச் சொன்னாள். பின்பக்கம் தாழ்வாக இருந்தது, ஏறிவிடலாம். சலாமும் வண்டிக்காரனும் இரண்டு தாரை நகர்த்தி இடம் பண்ணினார்கள். தாருக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவள் கணவரைக் கூப்பிட்டாள்.

“ஏறுங்கோளேன். அவரைத் திட்டிண்டிருந்தா ராகு காலம் நிக்குமா?”

பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் ஏறினார்.

அவர்கள் போனதும் சலாம் எதிரே வந்த பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பினார். வழி நெடுக ஒரே யோசனை. வேறு மெக்கானிக்கைக் கூட்டி வரலாம். ஆனால் யார் கையை வைத்தாலும் முதலில் இன்ஜினைப் பிரிப்பான், பிரித்தால் ஒன்று மாற்ற வேண்டும் என்பான், ஒன்று மாற்றினால் எல்லாம் மாற்ற வேண்டும் என்பான். அந்த இன்ஜினைத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரை நாலு பேர் முன்னால் கலப்படக்காரர் என்று சொல்லி முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை.

கிளமென்ட் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சலாம் அந்தக் கால்களைப் பார்த்துப் பேசினார். முள் இறங்கியது, எண்ணெய் நிறைய இருந்தது, புளியமரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன் என்றார். அடியிலிருந்து ஒரு கேள்விதான் வந்தது.

“எறக்கிட்டு எதை ஊத்துனீங்க?”

சொன்னார். ஸ்பானர் சத்தம் மட்டும் வந்தது. நான் அன்றைக்குப் பேசினது தப்பு என்று சலாம் மெதுவாகச் சொன்னார். லாரி வேலை முடிகிற வரை கிளமென்ட் வெளியே வரவில்லை. வந்தவர் கையைக் கழுவினார், சாக்குப் பையில் சாமான்களைப் போட்டார், அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்துச் சலாமின் கையில் கொடுத்தார். அதே மாதிரி டின். சலாம் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். புளியமரத்தைக் கண்டதும் இருவரும் இறங்கினார்கள்.

கிளமென்ட் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, எண்ணெய் நிற்கிற சேம்பரைக் கழற்றினார். எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வாயில் சின்னக் கம்பிச் சல்லடை ஒன்று இருக்கும். அதைக் கழற்றிச் சலாமின் கையில் வைத்தார். சல்லடை தெரியவே இல்லை. கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு அந்த வெல்லப்பாகுக் கறுப்பு அப்பியிருந்தது. பேரிங்கைத் தடவிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“கோடு விழுந்திருக்கு. போகலை. அந்த மூணு மைலும் ஓட்டியிருந்தீங்கன்னா போயிருக்கும்.”

பிறகு, கேட்காமலேயே, கிளமென்ட் சொன்னார். வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அத்தனை பேசி சலாம் கேட்டதில்லை. பீப்பாய் எண்ணெய் அழுக்கை இன்ஜின் சுவரிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் பளபளவென்று இருக்கும். இந்த டின் எண்ணெய் அப்படி இல்லை, சோப்பு மாதிரி அழுக்கைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதனால்தான் கறுத்தது. கரைந்து கலந்ததால்தான் துணியிலும் நிற்கவில்லை, அடியிலும் இறங்கவில்லை. ரொம்ப நாள் அழுக்குப் பிடித்த இன்ஜினில் முதல் தடவை போட்டால் கரையாத கட்டியும் கொஞ்சம் பெயர்ந்துகொண்டு வரும். அதற்காகத்தான் ஒரு வாரத்தில் வரச் சொன்னது. சேம்பரைக் கழற்றிச் சல்லடையைக் கழுவி, புதிசாக இன்னொரு தடவை ஊற்றியிருப்பேன் என்றார்.

“கறுக்கலைன்னாதான் பாய் பயப்படணும்.”

“அதை அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க எங்க கேட்டீங்க? கைய தேச்சு மோந்துக்கிட்டே இருந்தீங்க. ஏதோ உங்களுக்கு எல்லாம் தெரியுமாக்கும்னு விட்டுட்டேன்.”

சலாமுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்விட்டது. சல்லடையைப் பெட்ரோலில் கழுவினார். அந்த விலைப் பெட்ரோலில்.

சேம்பரை மாட்டி, டின்னை உடைத்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது அதே கட்டை வண்டி, இப்போது தார் இல்லாமல், ஆசிரியரையும் அம்மாளையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. கையெழுத்து ஆகவில்லை. அவர்கள் போய்ச் சேரும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. அது முடிந்த பிறகு ஆபீசில் இன்றைக்கு முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாங்குகிறவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு, நாளை ஒரு நாள்தான் பார்ப்பேன் என்றானாம்.

சலாம் வண்டியைக் கிளப்பினார். முள் மேலே எழுந்து, பாதியைத் தாண்டி நின்றது. அதைப் பார்த்துவிட்டு, இறங்கிப்போய்ப் புகையையும் பார்த்தார். புகை இருந்தது. அது ரிங் மாற்றுகிற வரைக்கும் இருக்கத்தான் இருக்கும் என்றார் கிளமென்ட்.

வண்டி ஸ்ரீரங்கம் நோக்கி நகர்ந்தது. கிளமென்ட் முன்சீட்டில். வாத்தலை கிராமம் தாண்டியதும் ஆசிரியர் கேட்டார்.

“நாளைக்கும் வந்தாகணும். இந்த வண்டி வருமா, வேற வண்டி பாக்கணுமா? ஒளிக்காம சொல்லுங்கோ.”

சலாம் கிளமென்டைப் பார்த்தார். கிளமென்ட் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல எண்ணெய் என்ன விலை, பெட்ரோல் என்ன விலை, ரிங் மாற்ற என்ன ஆகும் என்பதெல்லாம் சலாமின் மனதில் ஓடியது. பீப்பாய் எண்ணெயைத் தேடி அவர் போனது கையின் குறையால் மட்டும் இல்லை. வாடகையைக் கூட்டிக் கேட்க வாய் வராமல் இத்தனை நாள் அந்த நஷ்டத்தை மட்டமான எண்ணெயாக இன்ஜின் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது கேட்டால் இந்த நடையும் போகலாம். கேட்காவிட்டால் இந்த டின் தீர்ந்ததும் மறுபடி பீப்பாய்தான்.

“வரும் சாமி. பழைய வாடகைக்கு வராது.”

நடுவழியில் நிறுத்தியது போதாதென்று இதுவுமா என்று ஆசிரியருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் கேட்டாள்.

“எவ்வளவு கூட?”

சலாம் சொன்னார். முள்ளின் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. கணவரும் அவளும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கொள்ளிடத்துப் பாலம் வந்தது, போனது. கோபுரங்களைக் கண்டதும் ஆசிரியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் அம்மாளை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தும்போது அவர் சலாமின் பக்கம் திரும்பாமல், வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

“காலம்பற ஆறு மணிக்கு வந்துடுங்கோ. ராகு காலத்துக்கு முன்னால போய்ச் சேரணும்.”

“இன்ஷா அல்லா, அஞ்சே முக்காலுக்கே நிப்பேன்” என்றார் சலாம்.

பாலக்கரையில் கிளமென்டை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். சந்து முனையில் வண்டி திரும்பும்போதே மஜீதா வாசலுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முதல் தடவையாக அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேரே பெரிய கறுப்புக் கறை இருந்தது. இது போகாது என்றாள். போகாது என்று அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு, நாளைக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும், சீக்கிரம் எழுப்பு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.